அக்பொஸாத்தோவ் என்று ஒருவர் இல்லை

செமெய் ரயில் நிலையத்தில் நாத்தனார் வந்து இறங்கியபோது ரைகான் தலைத்துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள். ஐம்பத்து மூன்று வயது அவளுக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள். ஒரு தலைமையாசிரியரையும் இரண்டு இன்ஸ்பெக்டர்களையும் கரண்டியும் கையுமாக நின்று வாயடைத்தவள். ஆனால் புருஷனின் அக்காவைப் பார்த்தால் மட்டும் கல்யாணமாகி வந்த முதல் வாரத்துப் பெண்ணாகிவிடுவாள்.

கரகந்தாவிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள் நாத்தனார். அறுபத்தாறு வயது, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் விதவை, சுரங்கத்துக்கே கேட்கிற குரல். படியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன இப்படி மெலிஞ்சு கெடக்கே? சமையக்காரி குண்டா இருந்தாத்தான்டி சாப்பாட்டு மேல ஒரு நம்பிக்கை வரும்."

"நீங்க வந்துட்டீங்கல்ல அக்கா, இனிமே தேறிடுவேன்."

"என் கண்ணாடி ரயில்ல உடஞ்சுபோச்சு. ஒரு தடியன் மேல உக்காந்துட்டான். எழுத்துதான் தெரியாது. ஆள் தெரியும். எங்கப்பா முகம் தெரிஞ்சாப் போதும் எனக்கு."

இதைக் கேட்டதும் ரைகானுக்குப் பயம் இன்னும் கொஞ்சம் கூடியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புல்வெளிப் பக்கத்தில் மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் யாருடைய பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. செத்தவர்களுக்கும் அதே சட்டம்தான். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவாள். ரைகான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமனார் இறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வெள்ளைக் குதிரையில்தான் போவார் வருவார் என்று ஊரில் சொன்னார்கள். அவளும் 'அக்பொஸ் அத்தா' என்று பேர் வைத்துக்கொண்டாள். வெள்ளைக் குதிரை ஐயா என்று அர்த்தம். அவருடைய நிஜப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவள் சொல்லாததை நான் முந்திக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்காது.

அந்த மாமனார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று ஆகஸ்டில் தாஸ்குதுக் கிராமத்தில் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவர். பக்கத்துப் பாலிகனில், அதாவது அணுகுண்டுச் சோதனை மைதானத்தில், பெரிதாக ஒன்றை வெடிக்கப்போகிறோம் என்று பட்டாளம் வந்து, பெண்டுபிள்ளைகளையும் ஆட்டையும் மாட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. ஆறு ஆண்களை மட்டும் 'ஊரைப் பார்த்துக்கொள்ள' விட்டுவிட்டுப் போனது. காலி ஊரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை அது. வெடிப்பதற்கு முந்தைய நாள் பட்டாளத்தான் ஒருவன் அந்த ஆறு பேரையும் கிணற்றுச் சுவர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தான். மாமனாரை யாரேனும் எடுத்த படம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். நாற்பத்தொரு வயதில் போய்விட்டார்.

பாலிகனை மூடிய மறுவருஷம் நகரத்து மியூசியத்திலிருந்து தாடிவைத்த ரஷ்யர் ஒருவர் அந்தப் படத்தோடு கிராமத்துக்கு வந்தார். நடுப்பகல். ஆண்கள் எல்லாரும் மந்தையோடு போயிருந்தார்கள். ரைகான் வீட்டுக் கதவைத் தட்டி, ஆறாவது ஆளைக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டார்.

மாமனாரை அவள் கண்டதில்லை. ஆனால் அந்த இடுப்புப் பட்டையைக் கண்டிருக்கிறாள். வெள்ளி வில்லை ஒன்று உதிர்ந்த அதே பட்டை அவள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. காதும் அவள் புருஷனுடைய காதேதான்.

"எங்க மாமனாருங்க."

"பேரு?"

"அக்பொஸ் அத்தா," என்றாள் ரைகான், மரியாதையாக. அவர் எழுதிக்கொண்டார். டீ குடித்தார். எண்ணெயில் பொரித்த பௌர்சாக் நாலைத் தின்றார். போய்விட்டார்.

புருஷன் உயிரோடு இருந்தவரை மியூசியத்துப் பக்கம் போகவே இல்லை. "அந்த வெடிகளையெல்லாம் நான் ஊருக்குள்ளேருந்தே பார்த்தாச்சு, அப்புறம் எதுக்குப் படத்துல?" என்பான். அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, இந்த வசந்தத்தில்தான் ரைகான் பள்ளிப் பிள்ளைகளோடு சோற்று டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். மாடியில் அந்தப் படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. கீழே பெயர்ப்பட்டியல். ஐந்து பேருக்கும் சரியாக இருந்தது. ஆறாவது வரியில் இப்படி இருந்தது: 'அக்பொஸாத்தோவ். முதலெழுத்து தெரியவில்லை.'

வெள்ளைக் குதிரை ஐயாவுக்கு ரஷ்யர், ரஷ்யக் குடும்பப்பேர் மாதிரி 'ஓவ்' என்று ஒரு வாலும் ஒட்டிவிட்டிருந்தார். இருபத்தோரு வருஷமாக அந்த மனிதர் இல்லாத ஒருவருடைய பெயரில் சுவரில் நின்றுகொண்டிருக்கிறார். ரைகானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடும் போயிருக்கும். ஜூலையில் கிராமத்துக்குக் கடிதம் வந்தது. கிணற்றடியில் ஆறு பேருக்கும் நினைவுக்கல் வைக்கிறார்களாம். மியூசியத்துப் பட்டியல் ஆகஸ்ட் கடைசியில் கல்தச்சரிடம் போகிறதாம். ரைகான் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து போன் போட்டாள்.

"ஒரு பேர் தப்பா இருக்குங்க."

"அப்படியா? சரியான பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ரைகான் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "ஹலோ, ஹலோ" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், ரத்த சொந்தம் யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியும் என்றும் சொல்லிவிட்டாள். ரைகானின் ஒரே மகள் கொரியாவில் மீன் தொழிற்சாலையில் இருக்கிறாள். மிச்சம் இருக்கிற ரத்த சொந்தம் நாத்தனார் ஒருத்திதான். 'உங்க அப்பா படம் மியூசியத்துல இருக்கு, வந்து பாருங்க அக்கா' என்று எழுதிப் போட்டாள். மிச்சத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். சொல்ல வேண்டிய நாள் இன்றைக்குத்தான்.

ரயிலடி டீக்கடையில் சொல்லப் பார்த்தாள். "அக்கா, அந்தப் படத்துல ஒண்ணு..." என்று தொடங்கினாள். டீயில் பாலைக் கண்ணில் காட்டாமல் ஊற்றியிருக்கிறார்கள் என்று நாத்தனார் கடைக்காரியோடு ஒரு மூச்சு சண்டைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் சொல்லப் பார்த்தாள். இர்திஷ் ஆற்றுப் பாலம் வந்தது, நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தாள். அப்பாவுக்காக ஓதுகிறாள் என்று தெரிந்தது. ஓதுகிறவளை எப்படித் தடுப்பது?

மியூசியத்தில் அவர்களை அழைத்துப்போன பெண்ணின் பெயர் ஜான்சாயா. இருபத்தெட்டு வயது இருக்கும். குரலைக் கேட்டதுமே, போனில் ஹலோ ஹலோ என்றவள் இவள்தான் என்று ரைகானுக்குத் தெரிந்துபோயிற்று. நல்லவேளையாக, வாயே திறக்காத ரைகானை அவளுக்குத் தெரியவில்லை.

கீழ்த்தளத்தில் உருக்குலைந்து பிறந்த சிசுக்களைப் போட்டுவைத்த கண்ணாடி ஜாடிகள் இருந்த அறையை நாத்தனார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அதை எங்க ஊரு ஆஸ்பத்திரியிலயே பார்த்துட்டேன்," என்று நடந்துவிட்டாள். குண்டை வெடிக்கவைக்கிற பித்தான் வைத்த இரும்பு மேஜையின் முன்னால் மட்டும் நின்றாள். சுற்றுலா வந்தவர்கள் வரிசையில் நின்று அதை அமுக்குகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது வேலை செய்யுமா பொண்ணே?"

"இல்லைங்கம்மா, வயரை எப்பவோ அறுத்தாச்சு."

"காட்டு."

ஜான்சாயா சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேஜைக்கடியில் கையை விட்டு, அறுந்த முனையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "சரி, மேல போகலாம்," என்றாள்.

மாடியில் படத்தின் முன்னால் வந்ததும் அந்தக் குரல் காணாமல் போய்விட்டது. ஆறு பேரில் எவர் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நேரே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். ரைகான் பின்னால் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பியை என்னிக்காவது நேரா போட்டிருக்காரா மனுஷன்," என்றாள் நாத்தனார். "எங்கம்மா தலையில அடிச்சுக்குவா."

படத்தின் ஓரத்தில் குதிரையின் பாதி முகம் தெரிந்தது. அதையும் தொட்டாள்.

"லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி அப்பா கையில ஒரு சர்க்கரைக் கட்டி கொடுத்தார். குதிரைக்குக் குடுத்துட்டு வா, அப்புறம் ஏறிக்கன்னார். ஆறு வயசு எனக்கு. நான் குதிரைக்குப் பின்னால போய் நின்னு நானே தின்னுட்டேன். திரும்பி வந்தப்போ அதுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. பனி விழறதுக்குள்ள செத்துப்போச்சு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் புருஷன்கிட்டக்கூட."

இந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது என்று ரைகானுக்கு இருந்தது.

"கீழ பேர் எழுதியிருக்கில்ல? படி, கேக்கறேன்."

ரைகான் படித்தாள். ஒன்று, இரண்டு என்று ஐந்து பெயரும் வந்தன. ஐந்தும் ஊர்க்காரர்கள், வேற்றுக் குடும்பத்தார், நாக்கு தடுக்கவில்லை. ஆறாவதில் நின்றாள். காத்திருந்த நாத்தனார் முகத்தில் மெதுவாக ஒரு பெருமை பரவியது. ஜான்சாயா பக்கம் திரும்பினாள்.

"பார்த்தியா பொண்ணே, இவதான் எங்க வீட்டு மருமக. மாமனார் முகத்தையே பார்த்ததில்ல. என் தம்பியும் போயாச்சு. அவளை யாரு கேக்கப்போறா? ஆனாலும் பேரைச் சொல்றாளா பாரு. இந்தக் காலத்துல எங்கே கிடைக்கும் இப்படி?"

"நான் படிக்கட்டுமாம்மா?"

"எங்கப்பா பேரை எனக்கு நீ படிச்சுக் காட்டணுமா? வேண்டாம், வேண்டாம்."

இருபத்தோரு வருஷத் தப்பைக் கொண்டுவந்த அதே வழக்கம் இப்போது அதை அழகாக மூடியும் விட்டது. ரைகான் பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஜான்சாயா ஒரு தாளைக் கொண்டுவந்தாள். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. வெள்ளிக்கிழமை பட்டியல் கல்தச்சருக்குப் போகுது. ஆறாவது பேரைப் பத்தி ஒருத்தர் போன் பண்ணினாங்க, தப்புன்னாங்க, பேரைச் சொல்லாமயே வெச்சுட்டாங்க. நீங்க அவரோட மகளே வந்துட்டீங்க. எல்லாம் சரின்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"குடு," என்றாள் நாத்தனார். தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள், தூரத்தில் பிடித்தாள், இரண்டிலும் தெரியவில்லை. "எந்த இடத்துல போடணும்?" என்று பேனாவை வாங்கினாள்.

ரைகான் அந்தப் பேனாவைப் பிடுங்கினாள். நாத்தனார் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குவது முப்பத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"போடாதீங்க அக்கா. அதுல இருக்கறது அவர் பேர் இல்ல."

"என்னடி சொல்றே?"

"நான்தான் கெடுத்தேன்." பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தாடிக்காரர், நடுப்பகல், பௌர்சாக், அக்பொஸ் அத்தா, வால், எதையும் மறைக்கவில்லை. போன் பண்ணியதும் நான்தான் என்றாள். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

நாத்தனார் முகம் இறுகிப்போனது. "இருபத்தோரு வருஷம்," என்றாள். "இருக்கறதே ஒரு படம். அதுலயும் எங்கப்பா வேற யாரோவா நிக்கறார். ஆர்மிக்காரன் அவரை ஆளாவே மதிக்கல. நீயுமாடி?"

நாத்தனார் சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கரகந்தாவுக்கு அடுத்த ரயில் எப்போது என்று கேட்டுவிடுவாளோ என்று ரைகான் பயந்தாள்.

இதற்குள் ஜான்சாயா ஓடிப்போய்ப் பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தரையிலேயே உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். "இருங்க, இருங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஒரு நிமிஷம். தேன்வாயாத்தோவ். இப்படி ஒரு குடும்பப்பேரை நான் எங்கயுமே கேட்டதில்ல. இதோ இன்னொண்ணு, பெரியவீட்டோவ். இதோ, நெட்டையாத்தோவ். எல்லாமே அந்தத் தாடிக்காரர் கொண்டுவந்ததுதான். நாலஞ்சு வருஷமா இவங்க குடும்பத்தைத் தேடித்தேடி அலுத்துப்போயிட்டேன். ஒருத்தர்கூடக் கிடைக்கல."

"எப்படிக் கிடைப்பாங்க," என்றாள் ரைகான் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் மருமகளுங்க வெச்ச பேரு. மனுஷன் ஊருக்கு ஊரு நடுப்பகல்ல போயிருக்கார். அந்நேரத்துக்கு வீட்டுல யாரு இருப்பா? நாங்கதான் இருப்போம்." கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். "அந்தத் தேன்வாய் ஐயா எங்க பக்கத்து ஊரு. அவங்க மருமக எனக்குத் தெரிஞ்சவதான். கேட்டுச் சொல்றேன். அவளும் சொல்லமாட்டா, அவ புருஷன்கிட்டக் கேட்டுக்கலாம்."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் விசும்புகிறாள் என்று இருவரும் திரும்பினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், கைப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"பெரியவீட்டோவ்," என்றாள். "மருமகளுங்க நீங்களும் தாடிக்காரனும் சேர்ந்து ஒரு புது வம்சத்தையே உண்டாக்கியிருக்கீங்களேடி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் தணிந்தது. "போகட்டும். நான் குதிரையோட சர்க்கரையத்தான் தின்னேன். நீ அதுக்குப் பேராவது வாங்கிக் குடுத்திருக்கே. இத்தனை வருஷம் அந்தக் குதிரை பேர் சுவத்துல இருந்திருக்கு. அப்பா சந்தோஷந்தான் பட்டிருப்பார்."

எழுந்து வந்தாள். "எழுதிக்க பொண்ணே. திருத்திடலாம்."

"சொல்லுங்கம்மா," என்று ஜான்சாயா பேனாவை எடுத்தாள்.

"நான் சொல்லமாட்டேன். இவ சொல்லுவா."

ரைகான் ஓரடி பின்னால் போனாள். "அக்கா, வேண்டாம் அக்கா. நான் எப்படி?"

"தொலைச்சவதானே கண்டுபிடிச்சுக் குடுக்கணும்? பயப்படாதே. அவருக்கு மூத்த பிள்ளை நான். அந்த வீட்டுல இனிமே எனக்கு மேல ஒருத்தரும் இல்ல. நான் விடறேன்." நாத்தனார் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஆசி சொல்கிற முறை அது. ரைகானும், என்ன செய்வதென்று தெரியாமல் ஜான்சாயாவும், கைகளை விரித்தார்கள். "உன் நாக்கைக் கட்டினது எங்க வீடு. எங்க வீடே அவுத்துவிடுது. வெடிச்ச மண்ணுல புல்லு வந்தமாதிரி உன் வாயில எங்கப்பா பேர் வரட்டும். உன் மக நல்லபடியா வீடு திரும்பட்டும். அவ பெத்துக்கற பிள்ளைங்க இந்த இடத்துக்கு வந்தா வேடிக்கை பார்க்க மட்டும் வரட்டும். ஆமின்."

"ஆமின்," என்றார்கள். முகத்தில் கைகளைத் தடவிக்கொண்டார்கள்.

ரைகான் படத்தைப் பார்த்து நின்றாள். கோணல் தொப்பி. வில்லை உதிர்ந்த பட்டை. தன் புருஷனுடைய காது. நாளைக் காலை வானம் என்ன ஆகும் என்று தெரியாமல், படம் எடுக்கிறவனைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டு நிற்கிற ஒரு மனிதர். இந்தப் படத்தில் அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவர். மாமனார் என்று பயந்துகொண்டே இருந்தவளுக்கு அது அந்த நிமிஷம்தான் தோன்றியது. அவர்மேல் ஒரு பிரியம் வந்தது.

"எசென்கெல்தி," என்றாள்.

சத்தம் வெளியே வரவே இல்லை.

"கேக்கல," என்றாள் நாத்தனார்.

"எசென்கெல்தி." இந்தத் தடவை பக்கத்து அறையில் இருந்த சுற்றுலாக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எசென்கெல்தி என்றால், பத்திரமாக வந்து சேர்ந்தான் என்று அர்த்தம். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டுத் தனக்கு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவள் பிறகு பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாக வரவில்லை.

ஜான்சாயா எழுதினாள். "அவரோட அப்பா பேர்?" என்று கேட்டாள்.

ரைகானின் முகம் வெளுத்துவிட்டது.

"அதை நான் சொல்றேன்," என்றாள் நாத்தனார் அவசரமாக. "ஒரே நாள்ல அவளைக் கொன்னுடாதே."

கையெழுத்துப் போடும்போதுதான் தன் பெயர் பிபிஜமால் என்று நாத்தனார் சொன்னாள். அதை ரைகான் காதில் வாங்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அதற்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

ஜான்சாயா கீழே போய்ப் புதுச் சீட்டை அடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பழையதை உரித்துவிட்டு, ஓரம் கோணாமல் ஒட்டினாள். நாத்தனார் சீட்டுக்கு அருகே மூக்கை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"படி," என்றாள்.

ரைகான் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். ஆறாவதில் நிற்கவில்லை. முடித்ததும் நாத்தனார், "கடைசியை மறுபடி," என்றாள். அவள் மறுபடி படித்தாள்.